சிறைக்கும் கடைக்கும் நடுவில்

(வாசகர் வட்டம் ஒன்றின் மாதக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்கலாமா?" என்று அழைப்பிதழில் அச்சிட்டதிலிருந்து செயலாளருக்குத் தொலைபேசி ஓயவில்லையாம். ஆதரித்துப் பேசுவாரா, எதிர்த்துப் பேசுவாரா என்று கேட்டவர்களுக்கு, "வந்து கேளுங்கள்" என்று சொல்லி அரங்கை நிறைத்துவிட்டார். அவர் சாமர்த்தியசாலி.

ஒரு கிலோ கஞ்சாவிலிருந்து தொடங்குகிறேன். 2023 ஏப்ரலில் சிங்கப்பூரில் ஒரு தமிழர் தூக்கிலிடப்பட்டார். 1,017.9 கிராம் கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. அவர் கையில் கஞ்சா பிடிபடவில்லை. கடத்தியவர்கள் பேசிய கைபேசி எண்கள் இவருடையவை என்று அரசுத் தரப்பு சொன்னதை நீதிமன்றம் ஏற்றது. அந்த நாட்டில் 500 கிராமைத் தாண்டிய கஞ்சாக் கடத்தலுக்கு மரண தண்டனை. அதே பொட்டலத்தோடு ஒருவர் சென்னை சென்ட்ரலில் பிடிபட்டிருந்தால்? நம் சட்டத்தில் 1,000 கிராம் வரை 'சிறு அளவு'. ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மிச்சமுள்ள அந்த 17.9 கிராம் அவரை அடுத்த படிக்குத் தள்ளும். பத்தாண்டு வரை சிறை கிடைக்கலாம். ஆனால் கழுத்துக்குக் கயிறு வராது. டொரன்டோவில் வயதுவந்த ஒருவர் 30 கிராமைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காவலரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போகலாம். காசியிலோ ஜெய்சல்மேரிலோ, அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடையில் அதே செடியின் இலையை அரைத்து உருண்டை பிடித்துக் கொடுப்பார்கள்.

செடி ஒன்றுதான். அதற்கு ஒரு நாட்டில் கயிறு, ஒரு நாட்டில் கல்லாப்பெட்டி. இந்தச் சட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்காமல் அணிபிரிந்து கத்துவது வீண் வேலை. அதனால் முதலில் கொஞ்சம் பின்னால் போகலாம்.

1893. லண்டனில் மக்களவை உறுப்பினர் வில்லியம் ஸ்ப்ராஸ்டன் கெய்ன், தீவிர மதுவிலக்குக்காரர், ஒரு கேள்வி எழுப்புகிறார். கஞ்சாப் பழக்கம் இந்தியர்களை எப்படிப் பாதிக்கிறது, அதைத் தடை செய்யலாமா என்று விசாரிக்க அரசு ஓர் ஆணைக்குழுவை அமைக்குமா? அதன் விளைவாக இந்திய அரசு ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணைக்குழு என்று அதற்குப் பெயர். தலைவர் மக்வொர்த் யங். உறுப்பினர்களில் மூன்று பேர் இந்தியர். ஊர் ஊராகப் போய் 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894-இல் மூவாயிரம் பக்கத்துக்கு மேல் அறிக்கை கொடுத்தார்கள். மருத்துவர், கலெக்டர், சாமியார், விவசாயி, கடைக்காரர் என்று யாரையும் விடவில்லை. கஞ்சாவைப் பற்றி அதற்கு முன் உலகில் இவ்வளவு விரிவாக யாரும் விசாரித்ததில்லை.

அந்த அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பைத்தியக்கார விடுதிகளைப் பற்றியது. விடுதிக்கு ஒருவரைக் கொண்டுவந்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கட்டம்: 'நோய்க்குக் காரணம்'. அதை நிரப்பியவர் மருத்துவர் அல்ல. தெருவில் பிடித்து வந்த போலீஸ்காரர் சொன்னதையே எழுதினார்கள். 'தெரியவில்லை' என்று எழுதினால் மேலிடம் முகம் சுளிக்கும். ஏதாவது எழுதியாக வேண்டும். ஆள் பரதேசிபோல் இருக்கிறான், கஞ்சா குடிப்பான் என்று யாரோ சொன்னார்கள், எழுது, 'கஞ்சா'. அந்தக் கட்டங்களைக் கூட்டித்தான் வருடாந்தரப் புள்ளிவிவரம் போட்டார்கள். அந்தப் புள்ளிவிவரம்தான் கப்பலேறி லண்டன் போய் மக்களவை வரை எட்டியது. ஆணைக்குழு 1892-இல் கஞ்சாவால் பைத்தியமானவர்கள் என்று பதிவான ஒவ்வொருவரின் கதையையும் அவரவர் ஊருக்கு ஆளனுப்பி விசாரித்தது. உறவினரைக் கேட்டது. பாதிக்கும் குறைவான பேர் விஷயத்தில்தான் கஞ்சாவுக்குச் சம்பந்தம் இருக்கலாம் என்று தேறியது. மீதிப் பேருக்கு வலிப்பு, காய்ச்சல், குடும்பத்தில் முன்பே இருந்த நோய் என்று வேறு கதைகள்.

இதைக் கேட்டு நூற்றுமுப்பது வருஷத்துப் பழைய கதைதானே என்று நினைக்காதீர்கள். நாளைக் காலைப் பத்திரிகையைப் பிரியுங்கள். 'கஞ்சா போதையில் வாலிபருக்கு வெட்டு' என்று ஒரு செய்தி இருக்கும். அவன் கஞ்சா குடித்திருந்தான் என்பதை யார் சோதித்தார்கள்? ரத்தம் எடுத்தார்களா? கூடவே டாஸ்மாக் சரக்கு உள்ளே போயிருந்ததா? எதுவும் அந்தச் செய்தியில் இருக்காது. காவல் நிலையத்தில் சொன்னார்கள், நிருபர் எழுதினார். 'காரணம்' என்ற கட்டத்தை இன்றும் போலீஸ்காரர்தான் நிரப்புகிறார்.

ஆணைக்குழுவின் முடிவு என்ன? மிதமான பழக்கத்தால் பெரும்பாலோருக்குச் சொல்லத்தக்க கேடு இல்லை. மிதமிஞ்சினால் கேடு உண்டு. முழுத்தடை தேவையும் இல்லை, நடைமுறைக்கும் ஆகாது. உரிமமும் வரியும் போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்றார்கள். கஞ்சா ஆதரவாளர்கள் இதை வேதவாக்குப்போல் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. இந்த ஆணைக்குழுவைப் போட்ட அரசு கஞ்சாவில் வரி வாங்கிக்கொண்டிருந்த அரசு. நம் வட ஆற்காட்டிலேயே ஜவ்வாது மலையில் உரிமத்தோடு விளைந்த கஞ்சா, அடிவாரத்துச் சந்தவாசலில் கிடங்கில் சேர்ந்து, வரி கட்டி, கடைகளுக்குப் போனது. விற்பனையில் பங்குள்ளவர் சரக்கைப் பற்றித் தரும் சான்றிதழைக் கொஞ்சம் தள்ளிவைத்துத்தான் படிக்க வேண்டும். பைத்தியக்கார விடுதி விசாரணையை நான் நம்புகிறேன். அதில் உழைப்பு தெரிகிறது. வரி போட்டால் போதும் என்ற பரிந்துரையை அதே அளவு நம்பவில்லை. இந்த இடத்துக்குப் பின்னால் திரும்பி வருகிறேன்.

அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1925 ஜெனீவா மாநாட்டில் எகிப்து வற்புறுத்தி, கஞ்சாவைச் சர்வதேச ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தது. 1961-இல் ஐ.நா. ஒற்றை ஒப்பந்தம் அதை ஹெராயினோடு ஒரே பட்டியலில் வைத்தது. இந்தியா அங்கே சண்டை போட்டு இரண்டு சலுகை வாங்கியது. ஒன்று, பூவோடு சேராத இலையும் விதையும் 'கஞ்சா' என்ற வரையறைக்குள் வராது. ஹோலிப் பண்டிகையும் சிவராத்திரியும் தப்பின. இரண்டு, பழக்கத்தை ஒழிக்க 25 ஆண்டு அவகாசம். அந்த அவகாசம் தீரப்போகும் நேரத்தில், 1985 ஆகஸ்டு இறுதியில், ராஜீவ் காந்தி அரசு போதைப்பொருள்களுக்கான என்.டி.பி.எஸ். மசோதாவை மக்களவையில் வைத்தது. செப்டம்பர் 16-இல் குடியரசுத் தலைவர் கையெழுத்து. நவம்பர் 14 முதல் அமல். குழந்தைகள் தினம்! தேர்ந்தெடுத்தவர் யாரோ தெரியவில்லை. பல நூற்றாண்டுப் பழக்கம் ஒன்றைக் குற்றமாக்கும் சட்டம் ஒரு மாதத்துக்குள் முடிந்தது. எல்லாம் அமெரிக்க நெருக்கடி என்று ஒரு வாதம் உண்டு. நெருக்கடி இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக ஹெராயின் நம் நகரங்களுக்குள் கொட்டியதும் உண்மை. ஹெராயினுக்கு வீசிய வலையில் கஞ்சாவும் மாட்டியது என்பது என் கணிப்பு.

இனி அந்த வலை என்ன செய்கிறது என்று பார்ப்போம். இது என் தொழில் நடக்கும் இடம். கொஞ்ச நேரம் இங்கே நிற்பேன்.

என்.டி.பி.எஸ். சட்டத்தில் 2001-இல்தான் எடைக்கேற்ற தண்டனை வந்தது. கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவு என்றால் குறைந்தது பத்தாண்டு, அதிகம் இருபதாண்டு. குறைந்தபட்ச அபராதமே ஒரு லட்சம். ஜாமீன் கேட்டால் 37-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். ஆள் குற்றவாளி அல்ல என்று நம்பக் காரணம் இருக்கிறது, வெளியே போனாலும் குற்றம் செய்யமாட்டார் என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். விசாரணையே தொடங்கவில்லை, அதற்குள் எப்படித் தோன்றும்? குற்றப்பத்திரிகை போடப் போலீசுக்கு 180 நாள். வைத்திருந்தால் தெரிந்தே வைத்திருந்தான் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும்; இல்லை என்று நிரூபிப்பது அவன் பாடு. கொலை வழக்கில்கூட இவ்வளவு கிடையாது. நான் வாதாடிய வழக்குகளில் வணிக அளவு என்று உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு மூட்டை சுமந்தவர்கள். ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலில் பை கொண்டுவந்தவர்கள். பணம் போட்டவர் எங்கே என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

எடையிலும் ஒரு வேடிக்கை. சட்டத்தின்படி பூவும் காயும் உள்ள நுனிதான் கஞ்சா. பிடிபடும் மூட்டையில் தண்டு, இலை, விதை எல்லாம் கலந்திருக்கும். போலீஸ் மொத்தமாகத் தராசில் வைப்பார்கள். 21 கிலோ. நுனியை மட்டும் பிரித்து எடைபோட்டால் 20-க்குக் கீழே வரலாம். வந்தால் 37-ஆவது பிரிவு பொருந்தாது. ஆயுளில் பத்து வருஷம் அந்தத் தண்டுகளில் தொங்குகிறது. பல உயர் நீதிமன்றங்களில் ஜாமீன் மனுக்களில் இந்த வாதம் ஏற்கப்பட்டிருக்கிறது, சிலவற்றில் தள்ளப்பட்டும் இருக்கிறது.

எலிக் கதையைச் சொல்லாமல் விட்டால் பின்வரிசையில் இருக்கும் சட்டக் கல்லூரி மாணவர்கள் மன்னிக்கமாட்டார்கள். சென்னையில் 22 கிலோ கஞ்சா பிடித்ததாக ஒரு வழக்கு. 2023 ஜூலையில் சிறப்பு நீதிமன்றத்தில் தீர்ப்பு. சோதனைக்கு அனுப்பிய சில கிராம்கள் போக, மீதிச் சரக்கு எங்கே என்று நீதிபதி கேட்டார். எலி தின்றுவிட்டது என்றார்கள். இருவரும் விடுதலை. சிரியுங்கள். ஆனால் அந்த இருவரும் 2020-இல் கைதானவர்கள் என்பதையும் கூடவே நினைவில் வையுங்கள்.

இவை வணிக அளவுக் கதைகள். எண்ணிக்கையில் பெரியவை சின்னப் பொட்டலக் கதைகள்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2021-இல் நாடெங்கும் இந்தச் சட்டத்தில் 78,331 வழக்குகள். அதில் 46,029 சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தது. கடத்தல் வழக்கைவிட இது அதிகம். எல்லாப் போதைப்பொருளும் சேர்ந்த கணக்கு இது என்றாலும், நம் நீதிமன்றங்களில் நடமாடுபவர்களுக்கு இதில் கஞ்சாவின் பங்கு எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. சட்டம் கருணை காட்டும் ஒரு பிரிவு இருக்கிறது, 64-ஏ. போதைக்கு அடிமையானவர் சிகிச்சைக்குத் தானாக முன்வந்தால் வழக்கிலிருந்து விடுபடலாம். நல்ல பிரிவு. ஆனால் அடிமையானவருக்கு மட்டும்தான். நண்பன் நீட்டியதை ஒருமுறை இழுத்துப் பார்த்த பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது இல்லை. அவன் தப்ப வேண்டுமானால் 'நான் அடிமை' என்று எழுதிக்கொடுக்க வேண்டும்.

இதற்கு மேல் ஒன்று உண்டு. அது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. "கஞ்சா கேஸ் போட்டு உள்ளே தள்ளிடுவேன்." தமிழ்நாட்டில் இந்த வாக்கியத்தைக் கேள்விப்படாத தெரு கிடையாது. சினிமாவில் வில்லன் இன்ஸ்பெக்டர் பேசும்போது தியேட்டரில் யாருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை. சட்டைப் பையில் அடங்கும் பொருளை வைத்திருப்பதே குற்றம் என்றால், அதை அடுத்தவன் பையில் வைப்பதும் எளிது. எந்த வீட்டுப் பிள்ளை மீது இந்த வழக்கு எளிதில் பாயும் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஐடி நிறுவன விருந்துகளில் யாரும் பை சோதிப்பதில்லை. மேம்பாலத்தின் அடியில் சோதிக்கிறார்கள். குற்றப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். மூலிகை மகிமை அல்ல.

அந்த மூலிகை மகிமையைப் பற்றியும் பேசிவிடலாம். சிவமூலிகை, சித்தர்கள் சொன்னது, இயற்கை தந்தது என்று ஒரு கட்சி இருக்கிறது. இயற்கையானது என்பதால் நல்லது என்றால் அரளி விதையும் இயற்கைதான். நம் கிராமங்களில் அது என்ன வேலைக்குப் பயன்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. மருத்துவப் பயன் உண்டு, மறுக்கவில்லை. வலிப்பு நோயின் சில கடுமையான வகைகளுக்குக் கஞ்சாச் செடியிலிருந்து பிரித்த கன்னபிடையால் மருந்தை 2018-இல் அமெரிக்கா அங்கீகரித்தது. புற்றுநோய்ச் சிகிச்சையில் வரும் குமட்டலுக்கு இதன் வழிவந்த மாத்திரைகள் பல ஆண்டாக இருக்கின்றன. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் 27-க்கு 25 என்ற வாக்கில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியபோது, இந்தியாவும் நீக்கத்துக்கு வாக்களித்தது. ஆனால் மருந்துக்கு அளவும் சீட்டும் உண்டு. பீடியில் திணித்து இழுப்பதற்கு அந்த ஆதாரத்தைக் கடன் வாங்கக்கூடாது.

எதிர்த்தரப்பின் பலமான வாதம் மனநலம். இதைப் பலவீனப்படுத்திச் சொன்னால் நான் நேர்மையற்றவன். சுவீடனில் ராணுவத்தில் சேர வந்த 45,570 இளைஞர்களைப் பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்து 1987-இல் ஒரு ஆய்வு வந்தது. ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா குடித்ததாகச் சொன்னவர்களுக்கு, பின்னால் மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. நோய் வரவிருந்தவர்கள்தான் கஞ்சாவை நாடினார்களோ என்ற கேள்வி அப்போதே எழுந்தது, இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் 2019-இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் பதினொரு இடங்களில் செய்த ஆய்வு, வீரியம் மிகுந்த கஞ்சாவைத் தினமும் உபயோகிப்பவர்களுக்கு மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்றது. வீரியம் என்ற சொல்லைக் கவனியுங்கள். அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் போதைச் சத்து 1990-களின் நடுவில் நூற்றுக்கு நான்கு. இருபது ஆண்டில் அது பன்னிரண்டாயிற்று. கடைகளில் விற்கும் சாறுகளில் அறுபது, எழுபது என்று போகிறது. நம் தாத்தா காலத்துச் சாமியார் குடித்ததும் இதுவும் பெயரளவில்தான் ஒன்று. பதின்வயதில் தொடங்குகிறவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் அடிமையாகிறார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணிப்பு. பதினாறு வயதில் தினமும் குடிப்பவனிடம் 'இது சாராயத்தைவிடப் பரவாயில்லை' என்று சொல்வதில் எந்தப் பொருளும் இல்லை.

கஞ்சாவில் தொடங்கி ஹெராயினில் முடியும் என்ற வாதத்தை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. ஹெராயினுக்குப் போனவர்கள் கஞ்சாவுக்கு முன்பே பீடியும் பிராந்தியும் பழகியவர்கள். தமிழ்நாட்டில் இப்போது பயப்பட வேண்டியது வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளுக்காக. பொட்டலம் கிடைக்காத வாரத்தில் மாத்திரைக்குப் போனேன் என்று என்னிடம் சொன்ன கட்சிக்காரர்கள் உண்டு.

சரி, கதவைத் திறந்த நாடுகளில் என்ன ஆயிற்று? போர்ச்சுகல் 2001-இல் எல்லாப் போதைப்பொருளுக்கும் ஒரு காரியம் செய்தது. பத்து நாள் உபயோகத்துக்கு உட்பட்ட அளவு, கஞ்சா என்றால் 25 கிராம், வைத்திருந்தால் குற்ற வழக்கு இல்லை. பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் போகாமல் ஒரு குழுவின் முன் உட்காருகிறார். அதில் சட்டம் தெரிந்தவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் இருப்பார்கள். சிகிச்சை வேண்டுமா, எச்சரித்து அனுப்பலாமா என்று பேசி முடிவெடுக்கிறார்கள். விற்பது இன்றும் அங்கே குற்றம். உருகுவே 2013-இல் சட்டம் செய்தது. பதிவு செய்துகொண்ட உள்நாட்டவருக்கு மட்டும், மருந்துக்கடையில், வாரத்துக்குப் பத்து கிராம், விளம்பரம் கிடையாது. ஜெர்மனி 2024 ஏப்ரலில் வீட்டில் மூன்று செடி வளர்க்கவும் 25 கிராம் கையில் வைத்திருக்கவும் அனுமதித்தது, கடை திறக்கவில்லை. அமெரிக்க மாநிலங்கள் வேறு பாதை. கொலராடோவில் 2014 புத்தாண்டு அன்று கடை திறந்தது. இன்று மிட்டாய், பானம், சாறு என்று விதவிதமான சரக்கு. 2018 அக்டோபரில் திறந்த கனடாவில் கைது குறைந்தது, கள்ளச் சந்தையின் பெரும்பங்கும் கரைந்தது. கூடவே அப்பா வாங்கிவைத்த கஞ்சா மிட்டாயைத் தின்று மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளின் எண்ணிக்கை பன்மடங்கானது. இரண்டும் உண்மை.

நமக்கு நெருக்கமான பாடம் தாய்லாந்து. 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கினார்கள். சிறையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை விட்டார்கள். அரசே செடி கொடுத்தது. எப்படி விற்பது, யாருக்கு விற்பது என்ற சட்டம் மட்டும் பாராளுமன்றத்தைத் தாண்டவில்லை. பாங்காக்கில் தேநீர்க்கடைக்குப் பக்கத்திலெல்லாம் கஞ்சாக் கடை முளைத்தது. மூன்று ஆண்டில் அரசு திரும்பி, 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இருந்தால்தான் பூ விற்கலாம் என்றது. இதற்குள் கடை போட்டவர்கள், கடன் வாங்கிப் பயிரிட்ட விவசாயிகள் என்று ஒரு கூட்டம் உருவாகிவிட்டது. அவர்கள் ஊர்வலம் போனார்கள். கடையைத் திறப்பது எளிது. மூட முயலும்போது அதற்குக் கட்சிக்காரர்கள் இருப்பார்கள்.

இதைத் தமிழ்நாட்டில் யாருக்காவது விளக்க வேண்டுமா? 2003 நவம்பரில் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டபோது சொல்லப்பட்ட காரணங்களை நினைத்துப் பாருங்கள். கள்ளச்சாராயம் ஒழியும், தனியார் ஆதிக்கம் போகும், வருவாய் ஏழைக்கு வரும். 2023-24-இல் மது வழி வருவாய் 45,855 கோடி ரூபாய். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அதே நிதியாண்டு முடிந்த மூன்றாம் மாதம், 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கடையும் இருந்தது, கள்ளச்சாராயமும் இருந்தது. ஒவ்வொரு தேர்தலிலும் மதுவிலக்குப் பேசாத கட்சி இல்லை. நிதிநிலை அறிக்கையில் அந்தக் கால்பங்கை எதால் நிரப்புவது என்று சொன்ன கட்சியும் இல்லை.

கியூபெக்கைக் காட்டி என்னை மறுப்பவர்கள் உண்டு. அங்கேயும் மாகாண அரசுதான் கஞ்சா விற்கிறது. வயது 21. மிட்டாய் விற்பதில்லை. விற்பனையை ஊக்குவிக்கக்கூடாது என்பது விதி. லாபம் சுகாதாரத்துக்கும் தடுப்புக்கும் போகிறது. அரசுக் கடை என்றாலே கெடுதல் என்று ஆகாதே என்கிறார்கள். நியாயமான மறுப்பு. கியூபெக் கருவூலம் கஞ்சாவை நம்பி ஓய்வூதியம் கொடுக்கவில்லை. நம் கருவூலத்துக்கு ஏற்கெனவே ஒரு பழக்கம் இருக்கிறது. இரண்டாவது பழக்கத்தை அதற்குக் கற்றுக்கொடுக்க நான் தயாரில்லை. ஜவ்வாது மலைக் கஞ்சாவுக்கு வரி வாங்கிய அரசின் ஆணைக்குழுவை நான் முழுதாக நம்பாததும் இதனால்தான்.

ஆகவே என் நிலை இது. குடித்ததற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் சிறை கூடாது, குற்றப் பதிவும் கூடாது. கடையும் கூடாது. குடித்ததற்குத் தண்டிக்கும் 27-ஆவது பிரிவையும் 20-ஆவது பிரிவில் சிறு அளவு பற்றிய பகுதியையும் நாடாளுமன்றம் திருத்தினால் போதும். இது புரட்சிக்காரன் கோரிக்கை அல்ல. 2021-இல் ஒன்றிய அரசின் சமூக நீதி அமைச்சகமே, சொந்த உபயோகத்துக்கான சிறு அளவைக் குற்றமாகக் கருத வேண்டாம், சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று வருவாய்த் துறைக்குப் பரிந்துரைத்தது. அந்தக் கோப்பு நகரவில்லை. ஒரு கிலோ என்ற வரம்பையும் குறைக்க வேண்டும் என்பேன். ஒரு கிலோவை யாரும் ஒரு மாதத்தில் குடித்து முடிப்பதில்லை. அதில் சில்லறை வியாபாரி நன்றாக ஒளிந்துகொள்ளலாம். போர்ச்சுகல் மாதிரி நூறு கிராமுக்குள் ஒரு கணக்கு வைக்கலாம்.

என் நிலையில் ஓட்டை இருக்கிறது, நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். குடிப்பது குற்றமில்லை, விற்பது குற்றம் என்றால் அவன் எங்கே வாங்குவான்? நெதர்லாந்து ஐம்பது வருஷமாக இதில் திண்டாடுகிறது. காபிக்கடை முன்வாசலில் ஐந்து கிராம் விற்றால் கண்டுகொள்வதில்லை. பின்வாசலில் கடைக்காரர் மொத்தமாக வாங்குவது குற்றம். தென்னாப்பிரிக்க அரசியல் சட்ட நீதிமன்றம் 2018-இல் வீட்டுக்குள் வளர்த்து வீட்டுக்குள் குடிப்பது அந்தரங்க உரிமை என்று சொல்லி ஒரு வழி காட்டியது. ஒன்றிரண்டு செடி என்ற அந்த வழியை நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் ஆந்திர மலையிலிருந்து வரும் மூட்டை அதனால் நிற்கும் என்று சத்தியம் செய்யவும் மாட்டேன். சிலநாள் அந்த ஓட்டையோடு வாழலாம் என்றுதான் சொல்கிறேன். இப்போதைய ஏற்பாட்டிலும் மூட்டை வந்துகொண்டுதானே இருக்கிறது? 2022 பிப்ரவரியில் அனகாப்பள்ளி அருகே ஆந்திரப் போலீசார் இரண்டு லட்சம் கிலோ கஞ்சாவைக் குவித்து எரித்தார்கள். அந்த ஆண்டே தமிழ்நாட்டில் 'கஞ்சா வேட்டை'யும் ஒரு சுற்றோடு நிற்கவில்லை.

சிகிச்சை என்று சொல்வதும் எளிது. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் 2019-இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பு, ஓராண்டில் 3.1 கோடிப் பேர் பாங்கு, கஞ்சா, சரஸ் ஏதாவது ஒன்றை உபயோகித்ததாகவும், அவர்களில் 72 லட்சம் பேருக்கு உதவி தேவை என்றும் மதிப்பிட்டது. சட்டவிரோதப் போதைக்கு அடிமையானவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான் உள்நோயாளிச் சிகிச்சை கிடைத்திருந்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு எத்தனை படுக்கை என்று நம் ஊரில் கேட்டுப் பாருங்கள். சிறையிலிருந்து எடுத்து எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது, அல்லது இல்லை.

அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒரு தாய் என்னிடம் கேட்டார். மகன் பள்ளிக்கூடப் பையில் பொட்டலம் கிடந்தால் யாரிடம் போவது? 14446 என்று தேசிய உதவி எண் இருக்கிறது, கூப்பிடலாம் என்றேன். "கூப்பிட்டால் போலீஸ் வருமா சார்?" என்றார். வராது. ஆனால் அவர் அதை நம்பவில்லை. சட்டம் இன்றிருக்கும் நிலையில் அவரிடம் 'நம்புங்கள்' என்று சொல்ல என்னிடம் பலமான வாதமும் இல்லை. சட்ட மாணவர்கள் கையைத் தூக்கியபடி இருக்கிறார்கள். கேள்விகளை அங்கிருந்து தொடங்கலாம்.